555 டைமரில் இதயத்துடிப்பு: இண்டிகேட்டர் மாதிரி சிமிட்டாமல் ‘லப்-டப்’ என்று துடிக்க வைப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் அறிவியல் கண்காட்சிக்காகத் தெர்மாகோலில் ஓர் இதயம் செய்திருக்கிறாள். உள்ளே சிவப்பு எல்இடி வைத்து, அது இதயம் துடிப்பதுபோல மின்ன வேண்டும் என்பது ஆசை. அப்பா 555 என்ற டைமர் ஐசி ஒன்றை பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் சொருகிக் கட்டும் பலகை) போட்டு நிமிடத்துக்கு 70 முறை மின்னவும் வைத்துவிட்டார். மகள் பார்த்துவிட்டு, “அப்பா, இது ஆட்டோ இண்டிகேட்டர் மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டாள். என்ன தப்பு, எப்படிச் சரிசெய்வது?

மகள் சொன்னது சரி. உங்கள் சர்க்யூட்டில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் இதயமும் இல்லை. நீங்கள் போட்டிருக்கும் மதிப்புகளை வைத்தே கணக்குப் பார்ப்போம். ரெசிஸ்டர்கள் R1 10 கிலோ ஓம், R2 56 கிலோ ஓம், கெபாசிட்டர் 10 மைக்ரோஃபாரட். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 0.693 × (R1 + 2R2) × C. போட்டுப் பார்த்தால் 0.845 வினாடி, அதாவது நிமிடத்துக்கு 71. எண்ணிக்கை கச்சிதம். ஆனால் அந்த 0.845 வினாடியில் எல்இடி 0.457 வினாடி எரிகிறது, 0.388 வினாடி அணைகிறது. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. எரி, அணை, எரி, அணை. இண்டிகேட்டர் செய்வதும் அதைத்தானே!

இதயம் அப்படிச் சம இடைவெளியில் அடிப்பதில்லை. ஒரு துடிப்புக்குள் இரண்டு ஒலி உண்டு. முதலில் வரும் ‘லப்’, கீழறைகள் சுருங்கத் தொடங்கும்போது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வுகள் மூடிக்கொள்ளும் ஒலி. அடுத்து வரும் ‘டப்’, ரத்தம் வெளியேறி முடிந்ததும் பெருந்தமனி, நுரையீரல் தமனி வாசலில் உள்ள வால்வுகள் மூடிக்கொள்ளும் ஒலி. ஓய்வாக இருக்கும்போது, நிமிடத்துக்கு 72 என்ற கணக்கில், ஒரு சுற்று 0.83 வினாடி. லப்புக்கும் டப்புக்கும் நடுவில் சுமார் 0.3 வினாடி. டப் முடிந்து அடுத்த லப் வருவதற்குச் சுமார் 0.5 வினாடி. குட்டி இடைவெளி, பெரிய இடைவெளி, குட்டி, பெரிய. நம் காது இதயத்தை அடையாளம் காண்பது இந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான். நீங்களே மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். சம இடைவெளியில் தட்டினால் கடிகாரம். இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தட்டி நடுவில் கொஞ்சம் விட்டால், பக்கத்து அறையில் இருப்பவர்கூட ‘என்ன, இதயம் மாதிரி தட்டுறே?’ என்பார்.

ஆக, நமக்கு வேண்டியது ஒரு சுற்றுக்குள் இரண்டு இடத்தில் மட்டும் விளக்கு எரிவது. இதற்கு 555 சர்க்யூட்டைத் தூக்கிப் போட வேண்டாம். 10 மைக்ரோ கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு 1 மைக்ரோ போடுங்கள். அவ்வளவுதான். எல்லாம் பத்து மடங்கு வேகமாகிவிடும், வினாடிக்கு ஏறக்குறைய 12 பல்ஸ். அந்தப் பல்ஸை 4017 என்ற ஐசிக்குக் கொடுங்கள்.

4017 என்பது பத்துவரை எண்ணும் கவுண்டர். அதற்குப் பத்து அவுட்புட் உண்டு, 0 முதல் 9 வரை. ஒவ்வொரு பல்ஸ் வரும்போதும் ஒரு கால் மட்டும் உயர்ந்து, முந்தையது இறங்கிவிடும். பத்து முடிந்ததும் மறுபடி 0. திருவிழாவில் ஓடும் சீரியல் விளக்குகளை நம் ஊர்ப் பையன்கள் முதலில் செய்து பழகுவது இந்த ஐசியில்தான். நமக்குப் பத்தும் வேண்டாம், இரண்டே போதும். 0-ஆம் அவுட்புட் லப், 4-ஆம் அவுட்புட் டப். ஒரு படி 0.083 வினாடி, நான்கு படி 0.33 வினாடி. மீதி ஆறு படி 0.5 வினாடி. அசல் இதயத்தின் கணக்கும் ஏறக்குறைய இதேதான்.

கணக்கு இன்னொரு விதத்திலும் எளிதாகிறது. பத்துப் பல்ஸுக்கு ஒரு துடிப்பு என்பதால், 555-இன் அதிர்வெண்ணை 6-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று வந்துவிடும். 12 ஹெர்ட்ஸ் என்றால் 72. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஆசைப்பட்டால் 56 கிலோவுக்குப் பதிலாக 22 கிலோ ரெசிஸ்டர் ஒன்றும் 50 கிலோ பாட் (குமிழைத் திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர், பொட்டென்ஷியோமீட்டர்) ஒன்றும் வரிசையில் போடுங்கள். ஒரு கோடியில் 56 துடிப்பு, மறு கோடியில் 160. ஓய்வெடுப்பவரிலிருந்து மாடிப்படி ஓடி ஏறியவர் வரை ஒரு குமிழில் அடங்கிவிடும்.

சரி, வயரிங்குக்கு வருவோம். சப்ளை 9 வோல்ட். இனி ‘பின்’ என்றால் ஐசியின் கால் (pin), பக்கத்தில் வருவது அதன் எண். முதல் 555-இல் பின் 8-ம் பின் 4-ம் பிளஸ், பின் 1 மைனஸ். பிளஸிலிருந்து 10 கிலோ ஓம் பின் 7-க்கு. பின் 7-லிருந்து அந்த 22 கிலோவும் பாட்டும் பின் 6-க்கு. பின் 6-ஐயும் பின் 2-ஐயும் ஒரு வயரால் சேர்த்து, அங்கிருந்து 1 மைக்ரோ கெபாசிட்டர் மைனஸுக்கு. பின் 5-லிருந்து 0.01 மைக்ரோ, அதாவது மேலே 103 என்று அச்சிட்டிருக்கும் சின்ன செராமிக், மைனஸுக்கு. பின் 3 அவுட்புட். அது நேராக 4017-இன் பின் 14-க்குப் போகிறது.

4017-இல் பின் 16 பிளஸ், பின் 8 மைனஸ். பின் 13, பின் 15 இரண்டையும் கட்டாயம் மைனஸில் கட்டுங்கள். இந்தக் ‘கட்டாயம்’ என் அனுபவத்திலிருந்து வருவது. பல வருடம் முன் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு இதே மாதிரி ஒன்று செய்து கொடுத்தேன். வீட்டில் இரண்டு நாள் அழகாகத் துடித்தது. கண்காட்சியில் நடுவர் குனிந்து, ‘இது என்ன?’ என்று விரலை நீட்டியதும் இதயம் நின்றுவிட்டது. விரலை எடுத்தால் துடிக்கிறது, நீட்டினால் நிற்கிறது. கூட்டம் சிரிப்பதை அந்தப் பையனால் தாங்க முடியவில்லை. பின் 15 ரீசெட். அதை எதிலும் கட்டாமல் தொங்க விட்டிருந்தேன். 4017 போன்ற சிமாஸ் (CMOS) வகை ஐசியில் தொங்கும் கால் ஆன்டெனா மாதிரி. பக்கத்தில் கை வந்தால்கூட அது உயர்ந்து, கவுண்டரை 0-லேயே பிடித்துவைத்துவிடும்.

4017-இல் அவுட்புட்டுகள் கால் வரிசைப்படி இருக்காது என்பதைக் கவனியுங்கள். 0-ஆம் அவுட்புட் பின் 3-இல், 4-ஆம் அவுட்புட் பின் 10-இல். வரிசையாக இருக்கும் என்று நம்பிப் பின் 1-லிருந்து எண்ணத் தொடங்கியவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது விளக்கு. இந்த இரண்டு காலிலிருந்தும் நேராக எல்இடிக்குக் கொடுத்தாலும் ‘டக்-டக்’ என்று எரியும், ஆனால் கண்ணுக்கு அது இன்னும் மின்விளக்குதான். சதை சுருங்கி விரிகிற உணர்வு வர வேண்டுமானால் பட்டென்று ஏறி மெதுவாக இறங்க வேண்டும். அதற்கு ஒரு கெபாசிட்டரும் ஒரு டிரான்சிஸ்டரும் போதும்.

பின் 3-லிருந்து ஒரு 1என்4148 டயோடு, அதன் பின்னால் 1 கிலோ ஓம். பின் 10-லிருந்து இன்னொரு டயோடு, அதன் பின்னால் 10 கிலோ ஓம். இரண்டும் ஓரிடத்தில் சேரட்டும். டயோடின் கோடு போட்ட முனை ரெசிஸ்டர் பக்கம் இருக்க வேண்டும். சேரும் இடத்திலிருந்து மைனஸுக்கு 4.7 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்றும், அதற்கு இணையாக 22 கிலோ ஓம் ஒன்றும். அதே இடத்தை பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸில் கட்டுங்கள். கலெக்டர் நேராக பிளஸுக்கு. எமிட்டரிலிருந்து 470 ஓம், அப்புறம் எல்இடி, அப்புறம் மைனஸ்.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். லப் வரும்போது 1 கிலோ வழியாகக் கெபாசிட்டர் சட்டென்று நிறைந்துவிடுகிறது. படி முடிந்ததும் அவுட்புட் இறங்குகிறது, ஆனால் டயோடு திரும்பிப் போக விடாது. எனவே கெபாசிட்டர் 22 கிலோ வழியாகத்தான் மெல்ல வடிய வேண்டும். டிரான்சிஸ்டர் அந்த வோல்டேஜை அப்படியே பின்தொடர்ந்து எல்இடியின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. டப் வரும்போது 10 கிலோ குறுக்கே நிற்பதால் கெபாசிட்டர் முழுதாக நிறையாது, சுமார் 5 வோல்ட்டோடு நின்றுவிடும். எல்இடியில் ஓடும் கரன்ட் லப்புக்கு ஏறக்குறைய 11 மில்லி ஆம்பியர் என்றால் டப்புக்கு அதில் பாதி. முதல் அடி பலமாக, இரண்டாவது அடி அடக்கமாக. இந்த ஒரு ரெசிஸ்டரை மாற்றுவதில்தான் மொத்த அழகும் இருக்கிறது. 4.7 கிலோ, 15 கிலோ என்று மாற்றி மாற்றிப் போட்டு உங்கள் மகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

எல்இடியை டிரான்சிஸ்டரின் கலெக்டர் பக்கம் போடுவதுதான் வழக்கம், ஏன் எமிட்டரில் போடச் சொல்கிறேன் என்று கேட்கலாம். கலெக்டரில் போட்டால் டிரான்சிஸ்டர் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும். கெபாசிட்டர் பாதி வடிந்த பிறகும் முழு வெளிச்சம், அப்புறம் கடைசியில் சட்டென்று அணைவு. எமிட்டரில் போட்டால் வோல்டேஜ் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். பெரிய இதயமாக இருந்தால் மூன்று எல்இடி வரை இணையாகப் போடலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 470 ஓம் கொடுத்து. தெர்மாகோலுக்குள் எல்இடியை நேராகச் சொருகாமல் முன்னால் கொஞ்சம் பஞ்சு வைத்தால் புள்ளியாகத் தெரியாமல் இதயம் முழுக்கப் பரவும்.

சத்தமும் வேண்டுமென்றால் இன்னொரு 555. பீசோ பஸ்ஸர் வாங்கிவிடாதீர்கள். அது ‘கீச்’ என்று கத்தும், ஐசியு மானிட்டர் செய்யத்தான் உதவும். இதய ஒலி மிகத் தாழ்ந்தது, அதன் பெரும்பகுதி 150 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். அதனால் இரண்டாவது 555-க்கு, முதலாவதில் போட்ட அதே இடங்களில், 10 கிலோ, 82 கிலோ, 0.1 மைக்ரோ போடுங்கள். 104 என்று எழுதியிருக்கும் கெபாசிட்டர் அது. சுமார் 83 ஹெர்ட்ஸில் உறுமும். ஆனால் தொடர்ந்து உறுமக் கூடாது, லப்பிலும் டப்பிலும் மட்டும் உறுமவேண்டும். அதற்கு அதன் பின் 4-ஐ பிளஸில் கட்டாமல், 4017-இன் பின் 3-லிருந்தும் பின் 10-லிருந்தும் தனித்தனி டயோடு வழியாகக் கொடுங்கள். அங்கிருந்து மைனஸுக்கு ஒரு 10 கிலோ. பின் 4 தாழ்ந்திருக்கும்வரை 555 வாயைத் திறக்காது.

இங்கே ஒரு சின்னத் தந்திரம். அசல் இதயத்தில் லப் கொஞ்சம் தாழ்ந்த ஒலி, டப் கொஞ்சம் உயர்ந்தது, சுருக்கமானது. இரண்டாவது 555-இன் பின் 5-இல் வழக்கமாகப் போடும் 103 கெபாசிட்டரைப் போடாமல், அங்கிருந்து ஒரு 10 கிலோவை 4017-இன் பின் 3-க்குக் கட்டுங்கள். லப்பின்போது பின் 3 உயர்ந்திருப்பதால் பின் 5-இன் வோல்டேஜ் மேலே போய், ஒலி சுமார் 71 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். டப்பின்போது பின் 3 கீழே இருப்பதால் ஒலி சுமார் 106 ஹெர்ட்ஸுக்கு ஏறும். ஒரே ஒரு ரெசிஸ்டர் செலவில் லப் வேறு, டப் வேறு.

இரண்டாவது 555-இன் அவுட்புட்டான பின் 3-லிருந்து 100 மைக்ரோ கெபாசிட்டர், 47 ஓம் ரெசிஸ்டர், 8 ஓம் ஸ்பீக்கர் என்று வரிசையாகப் போட்டு மைனஸில் முடியுங்கள். சின்ன ஸ்பீக்கரை வெறுமனே மேசையில் வைத்தால் தகரம் தட்டுவது போலத்தான் கேட்கும், அதற்கு இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ளும் சக்தி இல்லை. காலி ஸ்வீட் பாக்ஸின் மூடியில் ஸ்பீக்கர் அளவுக்கு வட்டமாக வெட்டி, ஒட்டி, பெட்டியை மூடிவிடுங்கள். அரைக் கிலோ மைசூர்பாகு பெட்டி நன்றாக வேலை செய்யும். காலி செய்வதுதான் கஷ்டம்.

அடுத்து, இதைச் செய்பவர்கள் எல்லாருக்கும் ஒருமுறையாவது வரும் கோளாறு. எல்லாம் கட்டியாகிவிட்டது, துடிக்கிறது, ஆனால் நாலைந்து துடிப்புக்கு ஒருமுறை தடுமாறுகிறது. லப்-டப், லப்-டப், லப்டப். டாக்டர் கேட்டால் ஈசிஜி எடுக்கச் சொல்லுவார். வயர் லூஸ் என்று நினைத்து எல்லாவற்றையும் பிடுங்கிச் சொருகி நானும் ஒரு சாயங்காலத்தை வீணாக்கியிருக்கிறேன். காரணம் வயர் இல்லை. பழைய வகை 555 ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் ஒரு கண நேரத்துக்கு சப்ளையிலிருந்து கரன்ட்டை வாரி இழுக்கும். பேட்டரி வோல்டேஜ் அந்தக் கணத்தில் ஒரு குலுங்கு குலுங்கும். 4017 அதையும் ஒரு பல்ஸ் என்று எண்ணிவிடும். மருந்து, ஒவ்வொரு 555-இன் பின் 8-க்கும் பின் 1-க்கும் நடுவில், காலை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டி, ஒரு 104. பேட்டரி வரும் இடத்தில் ஒரு 100 மைக்ரோ. 7555 என்று கிடைக்கும் சிமாஸ் வகையை முதல் 555-க்குப் போட்டால் இந்தத் தொல்லை இன்னும் குறையும். ஸ்பீக்கருக்கு மட்டும் பழைய 555-ஐயே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் 200 மில்லி ஆம்பியர் வரை தாங்கும்.

இன்னொன்று 1 மைக்ரோ கெபாசிட்டர். எலக்ட்ரோலிட்டிக்கில் 20 சதவீதம் இப்படி அப்படி இருப்பது சகஜம். 72 என்று கணக்குப் போட்டது 60 ஆகவும் வரலாம், 90 ஆகவும் வரலாம். கடையில் கேட்டு 105 என்று அச்சிட்ட பாலியஸ்டர் கெபாசிட்டராக வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் ‘ஒன் மைக்ரோ பாக்ஸ் டைப்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

சரி, நடுவர் கேள்வி கேட்பார் அல்லவா? ‘இதுக்கும் நிஜ இதயத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?’ இதற்கு உங்கள் மகளிடம் உண்மையான பதில் இருக்கிறது. முதல் 555-க்குள் கெபாசிட்டர் மெதுவாக நிறைகிறது. சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் ஐசி விழித்துக்கொண்டு அதை வடித்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிறையத் தொடங்குகிறது. இதயத்தின் வலது மேலறையில் எஸ்ஏ நோட் என்று ஒரு செல் கூட்டம் இருக்கிறது. யாரும் கட்டளையிடாமலே அந்த செல்களின் மின்னழுத்தம் மைனஸ் 60 மில்லிவோல்ட்டை ஒட்டிய நிலையிலிருந்து மெல்ல மெல்ல ஏறும். மைனஸ் 40-ஐ நெருங்கியதும் சட்டென்று பாயும், அப்புறம் பழைய நிலைக்கு இறங்கி மறுபடி ஏறத் தொடங்கும். மெதுவாகச் சேர்த்து, ஒரு வாசலைத் தொட்டதும் கொட்டிவிடுவது. இரண்டும் ஒரே வகை அலைவு.

இந்த ஒற்றுமையை 1928-லேயே கண்டு எழுதியவர்கள் உண்டு. நெதர்லாந்தில் பிலிப்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த பால்தஸார் வான் டெர் போல், தன் சகா வான் டெர் மார்க்குடன் சேர்ந்து இதயத்தின் மின்மாதிரி ஒன்றைக் கட்டினார். டிரான்சிஸ்டரே இல்லாத காலம். நியான் விளக்கும் கெபாசிட்டரும் கொண்ட மூன்று ஆஸிலேட்டர்கள், எஸ்ஏ நோடுக்கு ஒன்று, மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று. முதலாவது இரண்டாவதைத் தூண்டும், அது கொஞ்சம் தாமதித்து மூன்றாவதைத் தூண்டும். நடுவிலுள்ள இணைப்பைப் பலவீனமாக்கினால் மேலறை அடித்துக்கொண்டே இருக்க, கீழறை சில அடிகளைத் தவறவிடும். மருத்துவர்கள் ‘ஹார்ட் பிளாக்’ என்று சொல்வது அதைத்தான். நீங்கள் கட்டியிருப்பது அந்த வம்சத்தில் வந்த எளிய பேரப்பிள்ளை.

டைமர் சர்க்யூட் இதயத்துக்குள்ளேயே போன கதையும் சொல்லலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1957 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் பெரிய மின்தடை. அப்போது பேஸ்மேக்கர், அதாவது மின்பல்ஸ் கொடுத்து இதயத்தைத் துடிக்க வைக்கும் கருவி, என்றால் சுவரில் பிளக் சொருகி ஓட்டும் பெட்டி. அறுவைசிகிச்சை நிபுணர் வால்டன் லில்லிஹை, பேட்டரியில் ஓடும் ஒன்று செய்து தர முடியுமா என்று ஏர்ல் பேக்கன் என்ற எலெக்ட்ரானிக்ஸ் ஆளிடம் கேட்டார். பேக்கன் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பொழுதுபோக்கு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றில் முந்தைய வருடம் வந்திருந்த மெட்ரோனோம் சர்க்யூட்டை எடுத்தார். பாட்டுப் பயிற்சிக்குத் தாளம் தட்டும் இரண்டு டிரான்சிஸ்டர் சர்க்யூட். அதிலிருந்த ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, பல்ஸை நோயாளியின் இதயத்துக்குப் போகும் கம்பியில் கொடுத்தார். நோயாளி கூடவே தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய பேஸ்மேக்கர் அப்படித்தான் வந்தது.

இன்னொருவர் வில்சன் கிரேட்பேட்ச். பஃபலோ நகரில் இதய ஒலியைப் பதிவுசெய்யும் கருவிக்கு ஆஸிலேட்டர் கட்டிக்கொண்டிருந்தார். 10 கிலோ ஓம் எடுக்க வேண்டிய இடத்தில் டப்பாவுக்குள் கையை விட்டு 1 மெகா ஓம் எடுத்துப் போட்டுவிட்டார். 10 கிலோ என்றால் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. 1 மெகா என்றால் பழுப்பு, கறுப்பு, பச்சை. ஒரே ஒரு வளையம் வேறு. சர்க்யூட் 1.8 மில்லிவினாடி பல்ஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒரு வினாடி சும்மா இருந்துவிட்டு, மறுபடி ஒரு பல்ஸ் கொடுத்தது. அவர் அதையே வெறித்துப் பார்த்தார், இது இதயம் செய்வதல்லவா! 1960-இல் அவர் செய்த பேஸ்மேக்கர்கள் நோயாளிகளின் உடலுக்குள் பொருத்தப்பட்டன. ரெசிஸ்டர் கலர் கோட் மனப்பாடம் செய்ய அலுத்துக்கொள்ளும் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொன்னால், தப்பாக எடுத்தாலும் பரவாயில்லை போல என்று நினைத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு.

555-ஐ வடிவமைத்தவர் ஹான்ஸ் காமென்சிண்ட், 1971-இல், சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காக. உள்ளே மூன்று 5 கிலோ ஓம் இருப்பதால்தான் 555 என்று பெயர் என எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். காமென்சிண்ட் அதை மறுத்திருக்கிறார், கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்தவர் சும்மா வைத்த எண் என்று. நடுவர் இதைக் கேட்டு வைத்தால் உங்கள் மகளுக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண்.

இந்தச் சர்க்யூட் எங்கே பொய் சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாட் குமிழைத் திருப்பி 150-க்குக் கொண்டுபோனால் எல்லா இடைவெளியும் ஒரே விகிதத்தில் சுருங்குகிறது. அசல் இதயம் அப்படிச் செய்யாது. ஓடும்போது லப்புக்கும் டப்புக்கும் நடுவிலுள்ள நேரம் கொஞ்சம்தான் குறையும், டப்புக்குப் பிறகு வரும் ஓய்வுதான் பெருமளவு வெட்டுப்படும். அதனால் வேகமாக ஓட்டும்போது டப்பை 4-ஆம் அவுட்புட்டிலிருந்து 5-ஆம் அவுட்புட்டுக்கு, அதாவது பின் 10-லிருந்து பின் 1-க்கு மாற்றினால் காதுக்குச் சரியாக இருக்கும். 60-க்கு இறக்கும்போது 3-ஆம் அவுட்புட், பின் 7. மூன்று நிலை சுவிட்ச் ஒன்று போட்டு ‘தூக்கம், நடை, ஓட்டம்’ என்று எழுதிவிடலாம்.

புரோகிராம் எழுதி ஓட்டும் அர்டுயினோ போர்டில் பத்து வரி எழுதினால் முடிந்துவிடுமே என்று யாராவது சொல்வார்கள். முடியும்தான். துல்லியமாகவும் இருக்கும். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘இந்தக் கெபாசிட்டர் நிறையுது, அப்புறம் வடியுது’ என்று விரல் வைத்துக் காட்ட முடிவது இதில்தான். நான் இதற்கே ஓட்டுப் போடுவேன்.

ஒரு எச்சரிக்கை. விரலில் வயர் ஒட்டினால் நம் துடிப்பையே காட்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். காட்டாது. இது துடிப்பை அளக்கும் கருவியே இல்லை, நடிக்கும் கருவி. இதிலிருந்து எந்த வயரையும் யார் உடம்பிலும் ஒட்டக் கூடாது. மேலே சொன்ன பேஸ்மேக்கர் கதைகளைக் கேட்ட உற்சாகத்தில் யாருக்காவது அந்த யோசனை வரலாம், அதனால்தான் சொல்கிறேன்.

கடைசியாக வேகத்தைப் பொருத்துவது. மகளை ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். மணிக்கட்டில் நாடியைப் பிடித்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பிறகு ஒரு கையில் நாடி, மறு கையில் பாட் குமிழ். அவள் விரலில் படும் துடிப்பும் தெர்மாகோலில் எரியும் சிவப்பும் ஒன்றையொன்று முந்தாமல் போகும்வரை அவளே திருப்பட்டும். நாடித்துடிப்பு லப்பைவிடக் கொஞ்சம் தாமதமாக மணிக்கட்டுக்கு வந்து சேரும். வேகம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் அவள் பெயரை எழுதிவிடுங்கள். கண்காட்சி அன்று புது 9 வோல்ட் பேட்டரி இரண்டு கையில் இருக்கட்டும். ஸ்பீக்கரோடு ஓட்டினால் ஒன்று மாலைவரை தாங்காது.